நகப்பூச்சுப் பொட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள மச்சானுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நீங்களும் உங்கள் கப்பலும் சுகமாக மிதந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன விடுமுறையில் நீங்களும் உங்கள் தங்கையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினீர்களே, அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. திரையில் ஒரு ஜன்னலை இழுத்தால் அதன் வால் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. நீங்கள் போட்டுக் கொடுத்த லினக்ஸில் ஆடுவது, குலுங்குவது, பெரிசாவது என்று என்னென்னவோ எஃபெக்ட் இருந்ததல்லவா? ஒன்றும் இல்லை. ‘திரை எஃபெக்ட்டுகளைத் தொடங்க முடியவில்லை’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. சரி என்று அமுக்கினால் போய்விட்டு, வீட்டுத் தரகர் மாதிரி மறுபடி வந்து நிற்கிறது.

தெருமுனைக் கடைக்காரரைக் கூட்டி வந்தேன். “லினக்ஸா? இந்த வம்பே வேணாம் சார். மொத்தமா அழிச்சிட்டு வேற போட்டுத் தரேன்” என்றார். உங்கள் தங்கை பாய்ந்த பாய்ச்சலில் மனுஷன் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அவளுடைய பக்க வடிவமைப்பு வேலை மொத்தமும் அதற்குள்தானே இருக்கிறது. ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். ஆகஸ்ட் கடைசிக்குள் முடித்துக் கொடுக்காவிட்டால் அடுத்த புத்தகம் வேறு ஆளுக்கு என்று பதிப்பகத்து அம்மா போனிலேயே சொல்லிவிட்டார். அதோடு இவள் வேலை அவ்வளவுதான்.

எஃபெக்ட் எல்லாம் பழையபடி வரவேண்டும். எப்படி என்று எழுதுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் சாமான் படகில் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு வந்து சேர்ந்தது. நான் நலம். கடலுக்கடியில் கேபிள் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஊர் உலகத்துக்கெல்லாம் இணையம் போகிற கேபிள், ஆனால் போடுகிற எங்களுக்குக் கப்பலில் இணையம் கிடையாது. செயற்கைக்கோள் போன் கேப்டன் அறையில் பூட்டியிருக்கும். சாவு, பிரசவம் இரண்டுக்கும்தான் திறப்பார். வீட்டில் ஜன்னல் ஆடவில்லை என்று போய் நின்றால் என்னைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவார். ஆகவே கடிதம்தான்.

உங்களுக்கு எதற்கு எஃபெக்ட்? என் தங்கை வாண்டுவைச் சிரிக்க வைக்க நான் கொழுப்பெடுத்துப் போட்டது அது. வேலை செய்கிற மெஷினில் ஆட்டம் பாட்டம் எதற்கு? அணைத்துவிடுங்கள். எப்படி என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். வீடியோ டிரைவர், அதாவது படம் வரைகிற கார்டை ஓட்டுகிற மென்பொருள், அது சரியில்லாமல் இருக்கலாம். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தாளை வாண்டுவிடம் கொடுங்கள். அந்தப் பெட்டி அவளுக்கு அத்துப்படி. பின்பக்கம் எந்தக் கேபிள் எந்தத் துளையில் என்று தப்பு வரக்கூடாதென்று நகப்பூச்சால் சிவப்புப் பொட்டெல்லாம் வைத்தவள். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவாள்.

உங்கள் கடிதத்தின் அடியில் எப்போதும் இரண்டு வரி கிறுக்குவாளே, இந்தத் தடவை காணோமே? என்மேல் ஏதாவது கோபமா?

அன்புடன்,
மச்சான்


மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நலமாக இருங்கள்.

அணைத்தாயிற்று. வால் போயிற்று, பெட்டியும் வருவதில்லை. உங்களுக்குச் சந்தோஷம், எங்களுக்கு இல்லை. குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் குழாயையே பிடுங்கிப் போடு என்கிறீர்கள். மச்சான், எஃபெக்ட் வேண்டும். வேண்டுமென்றால் வேண்டும், எதற்கென்று கேட்காதீர்கள். ஆடுவது குலுங்குவதுகூடப் போகட்டும். விசைப்பலகையில் கொடிப் படம் போட்ட விசையையும் கூட்டல் விசையையும் சேர்த்து அமுக்கினால் திரையே கிட்டே வருமே, அது கட்டாயம் வேண்டும்.

டிரைவர் சரியில்லை என்று நீங்கள் எழுதியதை உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். “இருபது வருஷமா பஸ் ஓட்டுறீங்க. அண்ணன் உங்களைத்தான் சொல்றார்போல” என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகிறது.

கோபமெல்லாம் ஒன்றுமில்லை. வேலை மும்முரம், அதனால்தான் எழுதவில்லை. இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே கடல் கொஞ்சம் கோபமாக இருக்கிறது, நான் நலம். அங்கேயும் அப்படித்தானே?

பஸ் ஓட்டுகிறவருக்குத் திரை கிட்டே வந்து என்ன ஆகவேண்டும்? உட்கார்ந்த இடத்திலிருந்து சினிமாவா? நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாதா? அடம் பிடிப்பதில் என் தங்கைதான் முதல் ஆள் என்று இதுவரை நினைத்திருந்தேன். நீங்கள் அவளையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டீர்கள்.

சரி. பழைய டிரைவரை முழுசாகக் கழற்றிவிட்டுப் புதிசாகப் போடவேண்டும். மூன்று தாள் எழுதியிருக்கிறேன். இடைவெளி விடவேண்டிய இடத்திலெல்லாம் சின்ன முக்கோணம் போட்டிருக்கிறேன். ஒரு கோடு, ஒரு புள்ளி விட்டாலும் போச்சு. ஆகவே தயவுசெய்து நீங்கள் அடிக்காதீர்கள். வாண்டுவை அடிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மச்சான்


ஏப்ரல் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. ஆனாலும் படகு போகிறது, எழுதாமல் இருப்பானேன்? இந்நேரம் டிரைவர் ஏறியிருக்கும். ஜன்னலெல்லாம் அல்வா மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். நீங்கள் முன்னால் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருப்பீர்கள். மச்சானுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லத் தோன்றவில்லை பார்த்தீர்களா!

இங்கே ஒரு நல்ல செய்தி. கேபிளின் இரண்டு முனைகளை ஒட்டவைக்கிற பிரிவுக்கு என்னைத் தலைவனாக்கிவிட்டார்கள். வாண்டுவிடம் சொல்லுங்கள். இந்தத் தடவையாவது அவள் கையால் இரண்டு வரி வரவேண்டும்.

மச்சான்


ஏப்ரல் 21

மச்சான்,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

திரை கறுப்பு. சுத்தக் கறுப்பு. உங்கள் மூன்று தாளையும் நான்தான் அடித்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி, இரண்டு சாயங்காலம் ஆயிற்று. எண் ஒன்றா, ஆங்கில ‘எல்’ எழுத்தா என்று தெரியாத இடத்தில் இரண்டையும் அடித்துப் பார்த்தேன். அது என்னென்னவோ ஓடி, முடிந்தது என்று சொல்லிற்று. அணைத்துப் போடச் சொல்லியிருந்தீர்கள், போட்டேன். இடது மூலையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டுகிறது. அதற்குமேல் ஒரு மண்ணும் இல்லை.

முன்பாவது மங்கலாக ஏதோ இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. பதிப்பகத்து அம்மா வாரம் இரண்டு தடவை கூப்பிடுகிறார். உங்கள் தங்கை பழைய அச்சுத் தாள்களை மேசை விளக்கின் அடியில் பரப்பி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, மூக்கு தாளில் உரச

அதை விடுங்கள். திருப்பி எழுத வேறு தாள் இல்லை, அப்படியே அனுப்புகிறேன்.

ஏன் அவளை அடிக்கச் சொல்லவில்லை என்று கேட்டு எழுதப் போகிறீர்கள். கேட்காதீர்கள். என்ன செய்யவேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

மாப்பிள்ளை


மே 20

மச்சான்,

உயிரோடு இருக்கிறீர்களா? இரண்டு படகு வந்து போயிருக்கும். ஒரு வரி இல்லை. இங்கே கறுப்புத் திரைக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் துக்கம் கேட்க வந்தவர்கள்போல உட்கார்ந்திருக்கிறோம். தலைவர் ஆனதும் எங்களையெல்லாம் மறந்துவிட்டதா?

நாலு பாடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கேட்டுவிட்டு அவள் விசைப்பலகையை எடுத்து மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உங்கள் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மாப்பிள்ளை


ஜூன் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இங்கே வேலை மும்முரம், அதனால்தான் எழுதவில்லை. மற்றபடி நலம்.

இத்துடன் ஒரு பென் டிரைவ் வருகிறது. தட்டச்சு எனக்கு இப்போது மெதுவாகத்தான் வருகிறது, அதனால் பக்கத்து அறை நண்பரை வைத்துத் தயார் செய்தேன். அதைச் செருகிவிட்டுப் போடுங்கள், திரை தற்காலிகமாக வரும். எஃபெக்ட் கேட்காதீர்கள், திரை மட்டும் வரும். பிறகு தாளில் இருக்கிற ஒரே ஒரு கட்டளையை அடியுங்கள். படம் வரைவது யார் என்று மெஷினே சொல்லும். அது சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள். சொந்தமாக ஒன்றும் செய்யாதீர்கள், கும்பிடுகிறேன்.

மிச்ச இடத்தில் கப்பல் படங்கள் சிலவற்றைப் போடச் சொன்னேன், வாண்டுவுக்கு. அவளுக்கு என்னதான் ஆயிற்று? நான் தலைவனானதற்கு ஒரு ‘சபாஷ்’கூட இல்லை. அவள் பண்ணவேண்டிய வேலையை நீங்கள் பண்ணித் திண்டாடுகிறீர்கள். கோபமென்றால் கோபம் என்று சொல்லித் தொலையச் சொல்லுங்கள்.

மச்சான்


ஜூன் 28

அன்புள்ள மச்சானுக்கு,

திரை வந்தது. வாழ்க. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருந்தாலும் வந்ததே பெரிசு.

கட்டளையை அடித்தேன். இரண்டு பேர் இருக்கிறார்களாம். ஒன்று, பெட்டிக்குள் தாய்ப்பலகையோடு ஒட்டிய பழைய சில்லு. அதற்கு நேராக ‘திரை இணைந்துள்ளது’ என்று பொருள்படும்படி இருக்கிறது. இன்னொன்று, நீங்கள் அவ்வளவு பீற்றிக்கொண்டு வாங்கிப் போட்ட கார்டு. அதற்கு நேராக ‘எந்தத் திரையும் இணையவில்லை’. இவ்வளவுதான் சொல்லிற்று. முழு வரிகளையும் பின்தாளில் வரைந்திருக்கிறேன். எழுதினேன் என்று சொல்ல முடியாது, வரைந்துதான் இருக்கிறேன்.

படங்களைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறீர்கள், கொஞ்சம் இளைத்திருக்கிறீர்கள். அவளிடமும் அப்படியே சொன்னேன். சபாஷ் சொல்லச் சொன்னாள்.

சீக்கிரம் எழுதுங்கள் மச்சான். ஆகஸ்ட் வந்துவிடும்.

மாப்பிள்ளை


ஜூலை 14

மாப்பிள்ளை,

படகு கிளம்பக் காத்திருக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

டிரைவரில் கோளாறு இல்லை. எஃபெக்ட்டில் கோளாறு இல்லை. நான் எழுதிய தாள்களையெல்லாம் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். திரையிலிருந்து வருகிற கேபிள் தப்பான துளையில் இருக்கிறது. பெட்டியின் பின்னால் ஒரே மாதிரி இரண்டு துளை உண்டு. மேலே இருப்பது பழைய சில்லுடையது, அதற்கு எஃபெக்ட் வரைகிற தெம்பு கிடையாது. கீழே இருப்பது கார்டுடையது. கேபிளைக் கீழே மாற்றிவிட்டு, பென் டிரைவைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். உங்கள் கையால் ஏற்றிய டிரைவர் இந்நேரம் அங்கே திரைக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறது. கடல் முழுக்கக் கேபிள் போடுகிறவன், மேசைக்குப் பின்னால் கிடக்கிற முழக் கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைச் செருப்பாலடிக்க வேண்டும்.

ஆனால் கேபிள் தானாக இடம் மாறாது. நீங்கள் மாற்றியிருக்க மாட்டீர்கள். பல்பு மாற்றவே அவளைக் கூப்பிடுகிற ஆள் நீங்கள். வாண்டுதான் கழற்றி மாட்டியிருக்கிறாள். கீழ்த் துளைக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புப் பொட்டை வைத்ததே அவள்தானே? வைத்தவளுக்கே அது தெரியவில்லையா?

இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. அவள் கையால் இரண்டு வரி வருவதில்லை. என் கடிதத்தை நீங்கள் வாசித்துக் காட்டுகிறீர்கள். பூதக்கண்ணாடி. திரை கிட்டே வரவேண்டும், வரவேண்டும் என்று நீங்கள் கெஞ்சுகிறீர்கள். நான் ‘அணை, அணை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

என் தங்கைக்குக் கண்ணில் என்ன மாப்பிள்ளை?

இத்தனை மாதம் மறைத்தீர்களே, நான் என்ன அந்நியனா? உடம்புக்கு ஒன்றென்றால் வீட்டுக்குச் சொல்லாமல் மறைக்கிறவனை நான் மனுஷனாகவே மதிக்கமாட்டேன். அவளிடமும் இதைச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டுங்கள்.

மச்சான்


ஜூலை 30

அன்புள்ள மச்சானுக்கு,

வாசித்துக் காட்டினேன். அந்தக் கடைசிப் பத்தியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

போன வருஷக் கடைசியிலிருந்தே இருக்கிறது. நேராகப் பார்த்தால் நடுவில் புகை மூட்டம் மாதிரி, ஓரமெல்லாம் தெரிகிறதாம். நடக்கிறாள், சமைக்கிறாள், என் சட்டையில் பொத்தான் இல்லாததைக் கண்டுபிடித்துத் திட்டுகிறாள். வாசிக்கத்தான் முடிவதில்லை. மொத்தமாகப் போகாது, மருந்து போட்டு இந்த அளவிலேயே நிறுத்தப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். அந்தப் பெரிசாக்குகிற எஃபெக்ட்டை அவளேதான் கண்டுபிடித்தாள். எழுத்தை மட்டும் பெரிசாக்கினால் போதாது மச்சான். கணக்குப் புத்தகத்தில் கோணம், கோடு, புள்ளி எல்லாம் பெரிசாகணும். அதை வைத்துத்தான் யாருக்கும் தெரியாமல் வேலையை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜனவரியில் மேசையை நகர்த்தித் தூசி தட்டினாள். கேபிளைக் கழற்றி, கை போன துளையில் மாட்டினாள். நான் அதை முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவளுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று கேட்டே பாதி வேலையில் இறங்கி ஓடி வந்தவர் நீங்கள். “இந்தத் தடவையாவது அண்ணன் முழுசா வேலை பார்க்கட்டும். நீங்க வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான்” என்றாள். சரி, நான் வாயைத் திறக்கவில்லை. கேபிள் சொல்லிவிட்டது.

உங்கள் கடிதம் வந்த அன்றே மேசையை இழுத்தேன். டார்ச் அடிக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். குனிந்து விரலால் தடவினாள். பூச்சு கொஞ்சம் மேடாக இருக்கிறதல்லவா, அது விரலில் தட்டிற்று. “இங்கதான் இருக்கு” என்றாள். அவளே மாட்டினாள். போட்டோம். கொடி விசை, கூட்டல், கூட்டல், கூட்டல். ஒரு முக்கோணத்தின் மூலை திரை முழுக்க வந்து நின்றது. நான் பின்னால் நின்று அழுதேன், சொல்வதற்கென்ன. அவள் அழவில்லை. “மூணாவது பாடத்துல கோடு சேரல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தாள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 2

அண்ணா,

நான் சுகம். இந்தத் தடவை நானே சொல்கிறேன், நானே அடிக்கிறேன். எழுத்து பெரிசாக இருக்கிறது, ஒரு தாளுக்குப் பத்து வரிதான் வருகிறது. தாள் வீண் என்று உன் மாப்பிள்ளை பின்னால் நின்று முணுமுணுக்கிறார்.

புத்தகம் முடிந்து போய்விட்டது. வேறு ஆளுக்குக் கொடுத்த நாலு பாடமும் என்னிடமே திரும்பி வந்தன. அவர் போட்ட படத்தில் முப்பது டிகிரி என்று எழுதியிருந்த கோணம் நாற்பதுக்கு மேல் இருந்தது. பெரிசாக்கி அந்த அம்மாவிடம் காட்டினேன். என் கண்ணைப் பற்றியும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். “இவ்வளவு நாள் எப்படிம்மா தப்பில்லாம செஞ்சே?” என்றார். எட்டாம் வகுப்பும் எனக்குத்தான்.

ஆடுகிற ஜன்னலை அணைத்துவிட்டேன், தலை சுற்றுகிறது. அது உன் கொழுப்பு, நீயே வைத்துக்கொள்.

புத்தகம் போனபிறகுதான் உன் கப்பல் படங்களைப் பார்க்க நேரம் கிடைத்தது. மேல்தளத்தில் எல்லோரும் வரிசையாக நிற்கிற படம். நீ கடைசி வரிசையில் கடுகளவு இருக்கிறாய். முகத்தைப் பார்க்கலாமென்று கூட்டல் விசையை அமுக்கினேன். நரைத்திருக்கிறது. சவரம் செய்து எத்தனை நாளோ. இன்னும் அமுக்கினேன். பக்கத்து ஆளின் தோளில் உன் இடது கை.

நாலு விரல்தான் இருக்கிறது. சுண்டு விரல் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருக்கிறது, துணிக்குள் பாதி விரல்கூட இல்லை. இரண்டு தடவை எண்ணினேன். உன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். நன்றாகக் கண் தெரிகிற மனுஷன், இதைப் பார்த்துவிட்டுத்தான் ‘இளைத்திருக்கிறார்’ என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில் உன்னிடமிருந்து கடிதமே இல்லை. ‘வேலை மும்முரம், அதனால்தான் எழுதவில்லை’ என்றாய். மார்ச்சில் நான் எழுதச் சொன்ன வரி அண்ணா அது, ஒரு வார்த்தை மாறவில்லை. என்னை மனுஷியாகவே மதிக்கமாட்டேன் என்று வாசித்துக் காட்டச் சொன்னாயே, அந்தக் கடிதத்தை எந்தக் கையால் பிடித்துக்கொண்டு எழுதினாய்?

வலிக்கிறதா? எப்படி நடந்தது, யார் பார்த்துக்கொண்டார்கள், எல்லாம் எழுது. ஒன்று விடாமல் எழுது. நானே வாசிப்பேன்.

வாண்டு